ராஜாவுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவள்

கரடிச்சோலை எஸ்டேட்,
கீழ் கோத்தகிரி.
24-3-1974

அன்புள்ள வீரம்மா அக்காவுக்கு,

தங்கை பாலாமணி எழுதுவது. அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்து மறுபடியும் இலை பறிக்கப் போகிறாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது, மாமா மண்டிக்குப் போய்வருகிறாரா, பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டார்களா என்று எழுது.

எனக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் அடைத்ததும் ஸ்டாஃப் கிளப்பில் கோடை விழா நடக்குமே, அதில்தான். லீவுக்கு வரும் பிள்ளைகளோடு இருந்து காத்தாடி செய்யவும் முகமூடி வரையவும் ஆள் வேண்டும். கடைசி நாள் அப்பா அம்மாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து நாடகம் போடுவார்கள். அதற்குத் திரை மறைவில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்க வேண்டும். எஸ்டேட் பள்ளிக்கூடத்து மரியஅந்தோணி வாத்தியார் என் பெயரைச் சொன்னாராம். "எட்டாவதோட நின்ன புள்ளதானுங்க. ஆனா தடுமாறாமப் படிக்கும்" என்றாராம். அதற்கு ஹெட் கிளார்க் மாரப்பன், "அது வாயே தொறக்காதே வாத்தியாரே, எதை எடுத்துக்கொடுக்கும்?" என்று சிரித்தாராம். "மெதுவாப் பேசுற ஆளுதானுங்க அதுக்கு வேணும்" என்று வாத்தியார் சொல்ல, சரி என்றுவிட்டார்கள்.

ஆமாம், அதே மாரப்பன்தான். விழாவே அவர் கையில்தான் இருக்கிறது. நான் ஒப்புக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்ததை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. எழுத வருகிறது, அதனால் உனக்கு எழுதுகிறேன். அந்தக் கோடையில் பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கழுகுப் பாறைக்குக் கூட்டிப்போனார்கள். கிளப் வாட்சர் என்பதால் துரையின் தூரக்கண்ணாடி அப்பா பொறுப்பில் இருந்தது. அப்பா கீழே சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மாரப்பனின் மகள் புஷ்பவல்லி கண்ணாடியை எடுத்துக்கொண்டு பாறை நுனிக்குப் போனாள். வார் நழுவிக் கண்ணாடி பள்ளத்தில் விழுந்தது. பார்த்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தி. எங்களுக்குப் பின்னால் நின்ற மாரப்பன் ஒருவர்.

மறுநாள் அவர் துரையிடம், வாட்சர் நல்லசாமி அதை ஊட்டியில் கொண்டுபோய் விற்றுவிட்டான் என்று சொன்னார். அப்பா, "என் மக கூடவே இருந்தாளுங்க, அவளைக் கேளுங்க" என்றார். ஆபீசில் என்னை நிறுத்தி ஹெர்பர்ட் துரை நல்லபடியாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அப்புறம் காலை மஸ்டரில், வேலைக்குப் போகும் ஜனம் முழுதும் வரிசையில் நிற்க, மாரப்பன் படியில் நின்று, "திருட்டுப்பயல் எப்படி இருப்பான்னு பாத்துக்குங்க" என்று அப்பாவைக் காட்டினார். அதன் பிறகு அப்பாவுக்கு வேலை போய் உன்னிடம் வந்ததும், என் படிப்பு நின்றதும் உனக்குத் தெரியும்.

இந்த வேலை பற்றி அப்பாவிடம் சொல்லாதே. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
பாலாமணி

•

மேட்டுப்பாளையம்,
2-4-1974

அன்புத் தங்கை பாலாவுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். அப்பா மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை தைக்கிறார். கோணி தூசியில் இருமல் விடுவதாக இல்லை. அத்தையைக் காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

நீ அந்தக் கிளப்பு வாசலை மிதித்திருக்க வேண்டாம். அந்த ஆளுக்கும் அவர் மகளுக்கும் நீ ஏன் எடுபிடி செய்ய வேண்டும்? எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்து வேலை போதாதா? உன் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரியவில்லை. புரிந்தால் பயமாக இருக்குமோ என்றும் தோன்றுகிறது.

இங்கே மாணிக்கமும் சின்னவனும் லீவு விட்ட முதல் நாளே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வெயிலில் வெளியே விட முடியவில்லை, வீட்டிலும் வைத்திருக்க முடியவில்லை. அங்கே ஸ்டாஃப் பிள்ளைகளுக்கு என்னென்னவோ சொல்லிக்கொடுக்கிறீர்களே, இவர்களுக்கும் ஏதாவது அனுப்பு.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
வீரம்மா

•

கரடிச்சோலை,
15-4-1974

அன்புள்ள அக்காவுக்கு,

பாலாமணி வணக்கம். இங்கே நேற்று நல்ல கோடை மழை. அத்தைக்குக் கால் பரவாயில்லை, வாய் எப்போதும் போல. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மாணிக்கத்துக்கும் சின்னவனுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அதில் யூக்கலிப்டஸ் காய்கள் இருக்கும். காம்பைப் பிடித்துச் சுண்டினால் பம்பரம் போலச் சுற்றும். பைன் காய்க்குக் காகிதத்தில் தலையும் காலும் ஒட்டினால் முள்ளம்பன்றி. செய்தித்தாளுக்கு நடுவில் வைத்திருப்பது வெள்ளிப் பெரணி. அதன் அடிப்பக்கத்தைப் புறங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால் இலை அப்படியே வெள்ளையாகப் பதியும். வாடிப்போவதற்குள் செய்யச் சொல்.

இங்கே காலையில் காத்தாடியும் இலை அச்சும். ஞாயிற்றுக்கிழமை அப்பாக்கள் எல்லாம் கோணிக்குள் இறங்கிப் பிள்ளைகளோடு சாக்கு ஓட்டம் ஓடுகிறார்கள். ஃபேக்டரி டீமேக்கர் தனசிங் விழுந்து உருண்டபோது அவர் சம்சாரம், "ஏனுங்க, அப்படியே ஊடு வரைக்கும் உருண்டு போயிருங்க, மஞ்சப்பூசணி வாங்க வேண்டியது மிச்சம்" என்றது. நானும் சிரித்துவிட்டேன். அவர்கள் நல்ல ஜனங்கள்தான். அன்றைக்கு மஸ்டரிலும் அவர்கள் நல்ல ஜனங்களாகத்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

மத்தியானம் நாடக ஒத்திகை. பெயர் 'மரகதபுரி மன்னன்'. எழுதியது வாத்தியார். மன்னன் மாரப்பன், இளவரசி புஷ்பவல்லி. அவள் ஊட்டியில் போர்டிங்கில் படிக்கிறாள். நல்ல உயரம். என்னை வந்த அன்றே அடையாளம் கண்டுகொண்டாள், ஆனால் காணாதது போல இருக்கிறாள். மேடைக்கு இடப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் வசனத்தைச் சொன்னால், "எலி கீச்சிடற மாதிரி இருக்குது, ஒன்னுமே கேக்கல" என்கிறாள்.

மாரப்பன் வசனம் எதையும் மனப்பாடம் செய்வதில்லை. அதை ஒரு பெருமையாகவே சொல்கிறார். "பாடம் பண்றதெல்லாம் சின்னப் பசங்களுக்கு. எனக்குக் காதுல விழுந்தாப் போதும், வாயில வந்துரும்." தினமும் வாத்தியாரை அங்கே மாற்று, இங்கே மாற்று என்று சொல்வதால் இன்றைக்கு உள்ள வசனம் நாளைக்கு இருப்பதில்லை. யாராலும் மனப்பாடம் செய்யவும் முடியாது. அதனால் நான் சொல்லச் சொல்ல, கிளி மாதிரி, ஆனால் சிங்கம் போன்ற குரலில் சொல்கிறார்.

நேற்று என்ன ஆயிற்று தெரியுமா. மந்திரியாக வரும் தனசிங்கின் சின்ன மகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மன்னன் "மந்திரியே, எம் நாட்டின் நிலை என்ன" என்று சொல்லி முடித்ததும், நான் அந்தப் பெண்ணிடம் மெதுவாக, "மூக்கைத் துடை" என்றேன். உடனே மாரப்பன் வாளை உயர்த்தி, "மூக்கைத் துடை" என்று கர்ஜித்தார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை. "என்னப்பா, இப்ப நல்லாத்தானே சொன்னேன்?" என்று கேட்கிறார்.

ராத்திரி முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பதற்காக அல்ல.

அப்பாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

தங்கை,
பாலாமணி

•

மேட்டுப்பாளையம்,
23-4-1974

அன்புள்ள பாலாவுக்கு,

பொட்டலம் வந்தது. பெரணி பாதி வாடியிருந்தது, ஆனாலும் பதிந்தது. சின்னவன் கன்னத்தில் ஒன்று பதித்துக்கொண்டு குளிக்கவே மாட்டேன் என்கிறான். மாணிக்கம் பம்பரம் விட்டுத் தெருப் பையன்களை எல்லாம் வீட்டுக்கு வரவழைத்துவிட்டான். அவர்கள் அப்பன்மார்களும் கூட உட்கார்ந்து விடுகிறார்கள். எங்களுக்கு எல்லாம் சுகம்தான். மாமாவுக்கு மட்டும் கண்கட்டி.

அப்பாவும் ஒரு காயைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இது கிளப்புக்குப் பின்னால் நிற்கிற மரத்துக் காய் என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"சிரிப்பதற்காக அல்ல" என்று எழுதியிருக்கிறாய். வேறு எதற்கு?

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
வீரம்மா

•

கரடிச்சோலை,
1-5-1974

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் கண்கட்டிக்கு அத்தை நாமக்கட்டி உரசிப் போடச் சொன்னாள். நாங்கள் இருவரும் நலம். எனக்குத் தூக்கம்தான் சரியாக இல்லை.

நாடகத்தில் ஒரு திருடன் வருகிறான். இளவரசியின் முத்துமாலையைத் திருடிவிட்டதாகப் பிடித்து வருவார்கள், மன்னன் விசாரித்துச் சவுக்கடி கொடுப்பான். வாத்தியார் எழுதும்போது அவன் ஒரு வழிப்போக்கன். நேற்று மாரப்பன் அதை மாற்றிவிட்டார். "வழிப்போக்கன்னா யாரு சிரிப்பா? அரண்மனைக் காவல்காரனா மாத்துங்க வாத்தியாரே. இடுப்புல பெரிய சாவிக்கொத்து ஒன்னு கட்டி உடுங்க. நாலு எட்டு வெச்சதும் இருமோணும்."

திருடனாக வருவது தனசிங். அவர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு இருமியபடியே நடந்து வந்தார். பெரியவர்கள் எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் புரியவில்லை, ஆனால் பெரியவர்கள் சிரித்ததால் அவர்களும் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும், "இது நல்லாயில்லீங்க" என்று முனகினார். மாரப்பன் என் பக்கம் திரும்பி, "என்ன புள்ள, உங்கொப்பன் நடை வந்திருச்சா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பாத்தீங்களா, கோவிச்சுக்காது. தங்கமான புள்ள" என்றார்.

தனசிங் அப்புறம் என்னிடம் வந்து, "கண்ணு, வேஷந்தானே, மனசுல வெச்சுக்காதே" என்றார். நான் மனசில்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். விழா அன்று எஸ்டேட் முழுதும் வரும். ஸ்டாஃப் குடும்பங்கள் நாற்காலியில், லயத்து வீடுகளின் தொழிலாளர் ஜனங்கள் பின்னால் பெஞ்சில், ஹெர்பர்ட் துரை முதல் வரிசையில். துரைக்கு நம்மைவிடச் சுத்தமான தமிழ் தெரியும். அன்றைக்குத் தீர்ப்பு சொல்லும் காட்சியில் நான் மாரப்பனுக்கு வேறு வசனம் எடுத்துக்கொடுக்கப் போகிறேன். நடந்ததை அவர் வாயாலேயே சொல்ல வைப்பேன். எனக்குத்தான் குரல் இல்லை. அவருக்கு இருக்கிறது.

வேண்டாம் என்று எழுதாதே.

பாலாமணி

•

மேட்டுப்பாளையம்,
18-5-1974

அன்புள்ள பாலாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாமாவுக்குக் கண் ஆறிவிட்டது. அப்பாவுக்கு இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது, இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார். நீயும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்?

மாங்காய் மலிந்து கிடக்கிறது. இரண்டு ஜாடி ஊறுகாய் போட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பவானி ஆற்றுக்குப் போனோம். மாமா மாணிக்கத்துக்கு நீச்சல் பழக்கினார். அப்பாவும் வந்தார். தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளோடு தட்டைக் கல் வீசினார். அவர் வீசிய கல் அக்கரை வரைக்கும் தத்திப் போயிற்று.

அப்புறம், நீ ஜன்னலோரம் உட்காராதே, சளி பிடிக்கும். அங்கிருந்து பேசினால் காற்றில் சத்தம் முன் வரிசைக்கும் போய்விடும். மேடைக்கு வலப்பக்கம் பழைய மர பீரோ இருக்குமே, அதன் மறைவில் உட்கார்ந்தால் மேடையில் நிற்பவருக்குத் தவிர வேறு யாருக்கும் கேட்காது. அந்த ஆளுக்கும் வலது காதுதான் கூர்மை. பெரிய வசனமாக இருந்தால் நீளமாகச் சொல்லக் கூடாது, இரண்டு இரண்டு வார்த்தையாகக் கொடுக்க வேண்டும். யோசிக்க இடம் இருக்காது. பட்டு வேட்டி கட்டி, கிரீடம் வைத்து, ஜனத்தைப் பார்த்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாதாம்.

மழை வரும்போல இருக்கிறது. வடாம் காயப்போட்டிருக்கிறேன். இத்துடன் முடிக்கிறேன்.

அக்கா,
வீரம்மா

•

கரடிச்சோலை,
27-5-1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அத்தை இரண்டு நாளாகப் பாட்டுப் பாடிக்கொண்டே இலை பறிக்கிறாள். உங்கள் எல்லோர் நலமும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

முதலில் ஒன்று. நீ ஒரு நாளும் கிளப்புக்குள் வந்ததில்லை. பீரோ இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. பீரோ அங்கேயேதான் இருந்தது. அதன் மறைவில்தான் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் விழா. முன் கூடத்தில் பிள்ளைகள் செய்த காத்தாடியும் முகமூடியும் இலை அச்சும் வரிசையாக மாட்டியிருந்தோம். அப்பா அம்மாக்கள் தங்கள் பிள்ளை செய்தது எது என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். துரை முள்ளம்பன்றி ஒன்றைக் கையில் எடுத்து, "யார் செய்தது?" என்று கேட்டார். தனசிங்கின் மகள் என்னைக் காட்டியது. நான் உள்ளே போய்விட்டேன்.

நாடகம் ஆரம்பித்தது. மாரப்பனுக்குச் சபை நிறைந்திருந்ததில் சந்தோஷம். வலது காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு, நான் கொடுத்ததை எல்லாம் அள்ளி வீசினார். நன்றாகவே நடித்தார், அதையும் சொல்ல வேண்டும். தனசிங் சாவிக்கொத்தோடு இருமிக்கொண்டு வந்தார். முன்னால் சிரிப்பு. பின் பெஞ்சில் சிரிப்பு இல்லை. அத்தை அங்கேதான் இருந்தாள்.

தீர்ப்புக் காட்சி வந்தது. தாளில், "இவனே திருடன், கட்டுங்கள் இவனை" என்று இருந்தது. தாளை மடித்து மடியில் வைத்தேன். குரல் வராமல் போய்விடுமோ என்று ஒரு நொடி நினைத்தேன். வந்தது.

"சபையோரே கேளுங்கள்" என்றேன். "சபையோரே, கேளுங்கள்" என்றார்.

"இந்தக் காவல்காரன் திருடவில்லை." அப்படியே சொன்னார். தனசிங் கொஞ்சம் விழித்தார், மறுபடியும் வசனத்தை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

"கழுகுப் பாறையில்." "கழுகுப் பாறையில்."

"துரையின் தூரக்கண்ணாடியை." வாளை நீட்டிக்கொண்டு அதையும் சொன்னார்.

"தவறவிட்டவள் என் மகள்." 'என் மகள்' வந்தால் கையை நீட்டி இளவரசியைக் காட்டுவது அவர் வழக்கம். காட்டினார்.

"பழியை இவன் மேல் போட்டவன்." "பழியை இவன் மேல் போட்டவன்."

"நானே." மார்பில் ஓங்கித் தட்டிக்கொண்டு, கூரை அதிர, "நானே" என்றார்.

அப்புறம்தான் அவருக்கே கேட்டது.

அக்கா, அந்தக் கூடத்தில் அவ்வளவு ஜனம் இருந்தும் மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. பின் பெஞ்சிலிருந்து யாரோ, "இது நாடகமில்லீங்க சாமி, இது நெசம்" என்றார்கள். அத்தைதான் அது. புஷ்பவல்லி அழுதுகொண்டே கிரீடத்தைக் கழற்றினாள். மாரப்பன் என் பக்கம் திரும்பினார். அடுத்த வசனத்துக்குக் காத்திருக்கிறவர் மாதிரியே நின்றார். நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

நேற்று ஞாயிறு என்றும் பார்க்காமல் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அதே மேஜை. மாரப்பனும் இருந்தார். "அது குழந்தைப் புள்ள விளையாட்டுங்க, எதையோ எடுத்துக்கொடுத்துது, நானும் சொல்லிப்போட்டேன்" என்றார். துரை என்னைப் பார்த்து, "மூணு வருஷம் முன்னால உன்னை ஒண்ணு கேட்டேன். பதில் இன்னும் வரலை" என்றார்.

"மேடையில அவங்க சொன்னதுதானுங்க நெசம். நான் பாத்தேன்" என்றேன். சின்னக் குரல்தான். ஆனால் குரல். துரை புஷ்பவல்லியையும் வரவழைத்தார். அவள் என்னைப் பார்க்காமல், "ஆமாங்க" என்றாள்.

"இவரை வேலையை விட்டு எடுத்துடலாமா?" என்று துரை என்னையே கேட்டார். நான் யோசித்தேன். வேறு ஊருக்குப் போனால் அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. "வேண்டாமுங்க. இங்கேயே இருக்கட்டும்" என்றேன். துரை மாரப்பனிடம், "நல்லசாமிக்கு உன் கையால கடிதம் எழுது. நான் படிச்சுப் பார்த்துத்தான் அனுப்புவேன்" என்றார்.

வெளியே புஷ்பவல்லி காத்திருந்தாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் தன் அப்பாவிடம் சொன்னாளாம், அவர் அறைந்தாராம். "நானும் சின்னவதானே பாலா" என்றாள். கேட்டால் இரக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "எனக்கும் அதே வயசு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதை அப்பாவுக்குப் படித்துக்காட்டு. இனி ஒளிக்க வேண்டாம், நீ ஒளித்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

பாலாமணி

•

கரடிச்சோலை எஸ்டேட் ஆபீஸ்,
30-5-1974

அன்புள்ள நல்லசாமி அவர்களுக்கு,

மாரப்பன் வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நல்ல சுகத்துடன் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கு அனைவரும் க்ஷேமம்.

மூன்று வருடங்களுக்கு முன் துரையவர்களின் தூரக்கண்ணாடி என் மகள் புஷ்பவல்லியின் கையிலிருந்து கழுகுப் பாறையில் விழுந்தது. நான் அதை நேரில் பார்த்தேன். பார்த்தும் தாங்கள் அதை எடுத்து விற்றுவிட்டதாகத் துரையவர்களிடம் பொய் சொன்னேன். மஸ்டரில் தங்களை அவமானப்படுத்தினேன். தாங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

பதின்மூன்று வயதுப் பெண் குழந்தை, பேர் கெட்டுவிடக் கூடாது என்று ஒரு தகப்பன் என்ற முறையில் செய்துவிட்டேன். தாங்களும் ஒரு தகப்பன். புரிந்துகொள்வீர்கள். தங்களுக்குக் கிளப் வேலையை மறுபடியும் கொடுக்கத் துரையவர்கள் சித்தமாக இருக்கிறார்கள். இத்துடன் இந்த விஷயத்தை மறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
க. மாரப்பன்,
ஹெட் கிளார்க்

•

மேட்டுப்பாளையம்,
6-6-1974

அன்புத் தங்கை பாலாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிள்ளைகள் லீவில் என்ன செய்தீர்கள் என்று வாத்தியார் எழுதச் சொன்னதற்கு, மாணிக்கம் பெரணி, பம்பரம், ஆறு, கல் வீசியது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "எங்கள் சித்தி ஒரு ராஜாவைத் தோற்கடித்தாள்" என்று எழுதியிருக்கிறான். வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லையாம்.

மாரப்பன் கடிதம் வந்தது. அப்பா கோணி ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் படிக்கச் சொன்னார். மறுபடியும் படிக்கச் சொன்னார். அப்புறம் கையில் வாங்கி அவரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. இதற்குமேல் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதச் சொல்லி எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

"கண்ணு பாலா. தகப்பன்னு எழுதியிருக்கறான். அவன் மகளுக்குப் பதிமூணுன்னா எம் மகளுக்கும் பதிமூணுதான் அப்ப. அவ போர்டிங்கு போனா, நீ காப்பகத்துல புள்ளை தூக்குனே. நான் என்னத்தைப் புரிஞ்சுக்கறது? கடுதாசி எனக்கு ஒருத்தனுக்கு வந்திருக்குது. என்னைத் திருடன்னு சொன்னது ஒருத்தன்கிட்ட இல்லை. மஸ்டர்ல, அத்தனை சனத்துக்கு முன்னால. இதைத் திருப்பி அனுப்பறேன். மஸ்டர்ல, அதே படியில நின்னு அவனே படிக்கட்டும். கடைசியில தகப்பன்னு எழுதியிருக்கறதை அடிச்சுட்டுப் படிக்கட்டும். கிளப்பு வேலை எனக்கு வேண்டாம். துரைகிட்ட இதைக் கொண்டுபோய் நீயே குடு. நீயே சொல்லு."

இவ்வளவுதான் சொன்னார். நம் அப்பா இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நனையாமல் கொண்டுபோ.

அக்கா,
வீரம்மா

•

கரடிச்சோலை,
17-6-1974

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் பாலாமணியின் நமஸ்காரம். இங்கே மூடுபனி இறங்கிவிட்டது, அத்தைக்குக் கால் பழையபடி வலிக்கிறது, இருந்தாலும் இன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் மஸ்டருக்குக் கிளம்பிவிட்டாள். உங்கள் இருமல் சுத்தமாக நின்றுவிட்டது என்று அக்கா அடுத்த கடிதத்தில் எழுத வேண்டும்.

துரையிடம் நானே போய்ச் சொன்னேன். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவர் பென்சில் எடுத்துத் தகப்பன் வரும் வரிகளைக் கோடு போட்டு அடித்தார். "திங்கட்கிழமை" என்றார்.

இன்றுதான் அந்தத் திங்கட்கிழமை. பனியில் முதல் வரிசைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. எல்லோரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கூடையோடு நின்றோம். ஃபேக்டரி ஆட்களையும் துரை வரச் சொல்லியிருந்தார். தனசிங் வந்திருந்தார். மரியஅந்தோணி வாத்தியார் பள்ளிக்கூடத்தை அரைமணி தள்ளி வைத்துவிட்டு வந்து நின்றார். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் மாரப்பன் படியில் ஏறினார். கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

படித்தார். முகம் முழுக்கத் தாளுக்குள் இருந்தது. மேடையில் கேட்ட குரலா இது என்று இருந்தது. முன் வரிசையில் இருந்தவர்கள் மட்டும் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். கடைசி வரியைச் சொல்லி முடித்து, கடிதத்தை நாலாக மடித்து, படியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலைக்குக் கிளப்பக் கங்காணி விசிலை வாயில் வைத்தார்.

நான் கடைசி வரிசையில் அத்தை பக்கத்தில் நின்றிருந்தேன்.

"பின்னால கேக்கலைங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் பேசியது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் நம்பாமல் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. மாரப்பன் துரையைப் பார்த்தார். துரை விசிலைக் கீழே இறக்கச் சொல்லிக் கங்காணிக்குக் கையைக் காட்டினார்.

அத்தை, "ஏனுங்க ஹெட் கிளார்க்கு, ராஜா வேஷத்துக்கு மட்டுந்தான் தொண்டையா? முதல்ல இருந்து படிங்க" என்றாள்.

மாரப்பன் காலை மறுபடியும் படிமேல் வைத்தார். மடித்ததை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். முதலிலிருந்து, உங்கள் பெயரிலிருந்து, உரக்கப் படித்தார். நடுவில் நிறுத்தி இருமினார். யாரும் சிரிக்கவில்லை. பொய் சொன்னேன் என்ற இடம் ஃபேக்டரிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

இரண்டாவது தடவை எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது அப்பா. எனக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

உங்கள் மகள்,
பாலாமணி